புத்தகத்தில் ஒரு எஞ்சின், தகட்டில் ஒரு எஞ்சின், உள்ளே ஒரு எஞ்சின்

2020ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில், யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துப் பக்கம் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குள் அந்த வானைப் பார்த்தேன். மொறிஸ் மைனர் பெட்டி வான். பின்பக்கம் இரட்டைக் கதவு, பக்கங்களில் கண்ணாடியே இல்லாத தகரச் சுவர், கூரையில் கோழி எச்சம். சின்ன வயதில் எங்கள் ஒழுங்கைக்குப் பாண் கொண்டுவந்தது இதே மாதிரி ஒரு வான்தான். பின்கதவைத் திறந்தால் வரும் அந்தச் சூட்டு வாசனைக்காகவே நாங்கள் காலையில் படலையடியில் நிற்போம். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம். கையில் கொஞ்சம் காசும் நிறைய நேரமும் இருந்தன. சொந்தக்காரர் மூன்றரை இலட்சம் கேட்டார், இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்குச் சம்மதித்தார். அவர் ஏன் அவ்வளவு சுலபமாக இறங்கினார் என்று யோசிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. ஏழு இலட்சத்துக்குள், ஒரு வருடத்தில் முடிப்பதாக மனைவியிடம் சொன்னேன். கடைசியில் எடுத்தது மூன்று வருடமும் நான்கு மாதமும். காசுக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கிய அன்று நான் பார்த்தது பதிவுப் புத்தகத்தை மட்டும். 1955ஆம் ஆண்டு, 803 சிசி, ஆங்கில எழுத்து இலக்கத் தகடு. அதாவது 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடு வந்து, அதற்கு எதிராக இங்கே போராட்டம் எல்லாம் நடப்பதற்கு முந்திய வண்டி. அந்தத் தகடே எனக்குப் பாதி மயக்கம். குனிந்து சேசிஸ் இலக்கத்தைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன், துரு மூடியிருந்தது, "சரியாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டேன். எஞ்சின் இலக்கத்தைப் பார்க்கவே இல்லை. இப்படி ஒரு வண்டி வாங்கப் போகிறவருக்கு என்னுடைய முதல் வார்த்தை இதுதான்: ஒரு கம்பித் தூரிகையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு டோர்ச்சும் கொண்டு போங்கள். இரண்டு இலக்கத்தையும் தேய்த்துத் துடைத்து, புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் முற்பணத்தை எடுங்கள். என் வானில் சேசிஸ் இலக்கம் பொருந்தியது, அது கடவுள் புண்ணியம். எஞ்சின் பொருந்தவில்லை. அதைப் புத்தகத்தில் திருத்திக்கொள்ள ஒரு சத்தியக் கடதாசி, ஒரு பரிசோதனை, மூன்று கொழும்புப் பயணம், ஏழு மாதம். விற்றவர் கையெழுத்து வைத்துவிட்டுக் கனடாவில் மகளோடு இருக்கப் போய்விட்டதால், ஒவ்வொரு கேள்விக்கும் நானே பதில் தேட வேண்டியிருந்தது.

மாசி மாதம் ஒரு கராச்சில் விட்டேன். பெரிய கராச், நல்ல பெயர். தகர வேலையும் பெயின்றும் சேர்த்து நான்கு இலட்சம் பேசி, இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் முற்பணம் கொடுத்தேன். பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. வெளியில் போக முடியாது, தொலைபேசியில் "வேலை நடக்குது அண்ணை" என்ற பதில் மட்டும் வரும். ஆடியில் போய்ப் பார்த்தபோது வான் பால் நிறத்தில் பளபளத்தது. எனக்குக் கண் கலங்கியதை மறைக்கமாட்டேன். இரண்டு கிழமை கழித்து, முன் மட்காட்டில் ஒரு சின்னக் கொப்பளம். விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து வண்டி முழுக்க வைத்துப் பார்த்தேன். கதவுகளுக்குக் கீழே, பின் சில்லுக்கு மேலே, காந்தம் பிடிக்கவே இல்லை. எல்லாம் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை. சில இடத்தில் முக்கால் அங்குலத் தடிப்பு. துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே அப்பியிருந்தார்கள். சண்டை பிடித்தேன். "பழைய தகரத்துக்கு இதுதான் செய்யலாம்" என்றார்கள். முற்பணம் போனது போனதுதான். அன்று இரவு கொட்டிலில் தனியாக இருந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருந்தாலும், நடந்தது அது.

தகர வேலை கொடுக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். வெட்டிய துருத் துண்டுகளைக் கொட்டாமல் ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். சாக்கு காலியாக இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். பெயின்ற் அடிக்கும் முன், வெறும் தகரத்தில் வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை என்று முதலிலேயே சொல்லுங்கள். இந்த இரண்டையும் ஏற்காத கராச்சில் விடவேண்டாம். காந்தம் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

அதன் பிறகு வானை வீட்டுக்கு இழுத்துவந்து நானே கழற்றத் தொடங்கினேன். கணக்குப் பேரேடு பார்த்த கைக்கு ஸ்பனர் புதிது. ஆனால் கணக்குப் பார்த்த பழக்கம் ஓரிடத்தில் உதவியது: கழற்றியது ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அளந்து, ஒரு கொப்பியில் எழுதினேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, என் கொட்டிலில் நிற்பது ஒரே வண்டி இல்லை, பல வண்டிகளின் கலவை. இடப்பக்கக் கதவு வலப்பக்கக் கதவைவிட அகலம் குறைவு. நான்கு கதவு மைனர் காரின் முன் கதவு அது. பெட்டி வானுக்கு வரவேண்டியது இரண்டு கதவுக் காரின் நீளக் கதவு. மிச்ச இடைவெளியை யாரோ ஒரு தகரப் பட்டி வெல்டிங் பண்ணி அடைத்து, பெயின்ற் அடித்து, காலம் போக அதுவும் வண்டியோடு பிறந்தது போல ஆகிவிட்டது. நானே ஏழு மாதம் அதைக் கவனிக்கவில்லை. முன் பிறேக் பீப்பாக்களில் வலது ஏழு அங்குலம், இடது எட்டு அங்குலம்! ஏழு அங்குலம் இந்த வண்டியின் காலத்துக்குரியது. எட்டு அங்குலம் 1962க்குப் பிறகு 1098 சிசி எஞ்சினோடு வந்த மைனருக்குரியது. ஒரு காலத்தில் இடது முன்கால், அதாவது முன் சில்லைத் தாங்கும் பகுதி, ஒடிந்திருக்கிறது, அப்போது வேறொரு வண்டியின் காலை முழுதாகக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். பிறேக்கை மிதித்தால் வண்டி ஏன் இடப்பக்கம் வேலியைப் பார்த்து ஓடியது என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

இனி எஞ்சின். இதைச் சொல்லும்போது என் புத்தியை நினைத்து இன்றைக்கும் சிரிப்பு வரும். புத்தகத்தில் 803 சிசி. எஞ்சின் மேல் ஆணியடித்திருந்த தகட்டு இலக்கமோ 9எம் என்று தொடங்கியது. இணையத்தில் தேடினால் அது 948 சிசிக்குரிய குறி. எனக்குப் பெருமை தாங்கவில்லை, துப்புத் துலக்கிவிட்டேன் என்று. உடனே இங்கிலாந்தில் ஒரு கடைக்கு 948 சிசிக்குரிய பிஸ்டன் நான்கு, வளையங்களோடு, எழுதிவிட்டேன். 2021 தொடக்கம், அனுப்பும் செலவோடு ஐம்பத்தெட்டாயிரம் ரூபா முடிந்தது. பொதி வந்த பிறகுதான் எஞ்சினின் தலையைக் கழற்றினேன். பிஸ்டனை உருளைக்குள் விட்டேன், கிணற்றுக்குள் வாளி போவது போல ஆடிக்கொண்டு போனது. 948இன் உருளை விட்டம் 62.9 மில்லிமீற்றர். என் எஞ்சினில் இருந்தது 64.6க்கு மேல், தேய்வும் சேர்த்து. பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரத்தை அளந்தேன், 83.7 மில்லிமீற்றர். 948 என்றால் அது 76.2 ஆக இருக்க வேண்டும். உள்ளே இருந்தது 1098. தகட்டை மட்டும் பழைய எஞ்சினில் இருந்து கழற்றி இதில் அடித்திருக்கிறார்கள்.

அதிலே பாடம் படித்தேனா? அரைவாசிதான். "சரி, எஞ்சின் 1098, அப்படியென்றால் கிளச்சும் 1098 உடையது" என்று அடுத்த பொதியில் ஏழேகால் அங்குல கிளச் தட்டு வாங்கினேன். கியர்பொக்ஸ் 948 உடையது. அதன் முன் மூடி சிறியது, ஆறேகால் அங்குலக் கிளச்சுக்குத்தான் இடம். பழைய ஆட்கள் 948இன் பின் தட்டையும் பறக்கும் சில்லையும் (ஃபிளைவீல்) இந்த எஞ்சினில் பூட்டிச் சமாளித்திருந்தார்கள். இன்னும் இருபத்திரண்டாயிரம் போனது. ஆகவே சொல்கிறேன்: கலவை வண்டியில் ஒரு பாகத்தைப் பார்த்து அடுத்த பாகத்தை ஊகிக்காதீர்கள். வண்டியின் ஆண்டைச் சொல்லி எதையும் கேட்காதீர்கள். கழற்றுங்கள், வேர்னியர் இடுக்கியால் அளந்து பாருங்கள், பழையதையும் அளவுகோலையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கள். இங்கிலாந்துக் கடைக்காரர்கள் இதற்குப் பொறுமையாகப் பதில் எழுதுவார்கள். நான் அனுப்பாத குறைதான்.

எஞ்சினின் தலையைக் கழற்றியபோது இன்னொரு விநோதம். தலைக்கும் உடலுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெற் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. கவனயீனம் என்று நினைத்தேன். கொக்குவிலில் ஒரு முதிய மெக்கானிக் இருக்கிறார், எழுபத்தைந்து தாண்டியவர், கண் கொஞ்சம் மங்கல். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது மண்ணெண்ணெயிலை ஓடின எஞ்சின். ஒரு கேஸ்கெற் கூடப் போட்டால் அமுக்கம் குறையும். குறைக்காட்டில் உள்ளுக்குச் சுத்தியலாலை அடிச்ச மாதிரிச் சத்தம் வரும்."

"நீங்களும் இப்படிப் போட்டிருக்கிறியளோ அண்ணை?"

"நான் போடாத கார் யாழ்ப்பாணத்திலை இருந்ததோ?"

போரின் நடுவே தொண்ணூறுகளில் வடக்குக்கு இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தை இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் மருந்துபோலச் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கறுப்புப் புகையோடு ஒஸ்ரினும் மைனரும் ஓடிய தெருக்கள். உதிரிப்பாகமும் வராது. எந்த வண்டி விழுந்ததோ அதிலிருந்து கழற்றி, ஓடக்கூடிய வண்டிக்குப் பூட்டுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் என் கோபம் எல்லாம் இறங்கிவிட்டது. ஏமாற்று என்று நான் கொப்பியில் எழுதியதெல்லாம் அந்த ஆட்கள் வண்டியை ஓட வைத்த வழி. கராச்சில் அப்பிய பட்டியை இதோடு சேர்க்கமாட்டேன், அது ஏமாற்றுத்தான். ஆனால் கதவுத் தகரம், எட்டு அங்குல பிறேக், 948இன் கியர்பொக்ஸ் எல்லாம் யாரோ ஒருவர் கையில் இருந்ததை வைத்துச் செய்த கெட்டித்தனம். அன்றைக்கே ஒரு முடிவெடுத்தேன். 1955 மாதிரியாக எல்லாவற்றையும் திருப்ப மாட்டேன். ஆபத்தானதை மட்டும் சோடியாக்குவேன், மற்றது இருக்கட்டும். 1098 எஞ்சினையே வைத்துக்கொண்டேன், ஒற்றைக் கேஸ்கெற்றோடு. உருளைகளை லேத் பட்டறையில் அடுத்த அளவுக்குக் கடைந்து, அதற்குரிய பிஸ்டனை இம்முறை அளந்து வாங்கினேன். இந்த முடிவை முதல் மாதமே எடுத்திருந்தால் ஒரு வருடம் மிச்சம்.

ஆபத்தானது என்றால் மைனரில் முதல் இடம் முன் சில்லைத் தாங்கும் கீழ்ப் பொருத்துக்கு. ஆங்கிலத்தில் டிரனியன் என்பார்கள். புரியிட்ட ஒரு தண்டு (கிங்பின்), அதன் மேல் திருகி நிற்கும் குடம் போன்ற ஒரு துண்டு, வண்டியின் முன்பாரம் அதிலே. கிறீஸ் அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நடக்கும் என்பது ஆறுதல். வேகத்தில் நடந்தால் யாருக்கும் ஆறுதல் சொல்ல நேரமிராது. என் வானின் இடது கால் ஒருகாலத்தில் ஒடிந்ததும் இதனால்தான் என்றார் முதியவர். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். நான் இரண்டு பக்கமும் புதிதாக வாங்கத் தீர்மானித்து, லண்டனில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். அவன் கோடை விடுமுறைக்கு வரும்போது சூட்கேசில், பிள்ளைகளின் சப்பாத்துக்குள் செருகி, பத்திரமாகக் கொண்டுவந்தான். இரண்டும் இடப்பக்கத்துக்கு உரியவை. ஒரு பக்கம் வலப்புரி, மறுபக்கம் இடப்புரி, மாற்றிப் பூட்டவே முடியாது. "ரெண்டு வாங்கு எண்டுதானே சொன்னனி" என்றான் மச்சான். பிழை என்னுடையது. வலது இடது என்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். முறுக்குக் கம்பிகளும் இதே கதைதான்: மைனருக்கு முன்பக்கம் சுருள்வில் கிடையாது, வண்டிக்கு அடியில் நீளவாட்டில் போகும் இரண்டு முறுக்குக் கம்பிதான் பாரம் தாங்கும். ஒரு பக்கம் முறுக்குண்டு பழகியதை மறுபக்கம் போட்டால் உடைந்துபோகும். கழற்றியதும் பெயின்றால் குறியிடுங்கள்.

பிறேக்கின் பிரதான உருளை சாரதியின் காலடியில், சேசிஸுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றப் போனால் போல்ற் வெளியே வராது. முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் கம்பியைத் தளர்த்தி இறக்கித்தான் எடுத்தேன். திருப்பிப் பூட்டும்போது முதியவர் சொன்னபடி போல்ற்றை எதிர்ப்பக்கத்தில் இருந்து விட்டேன். அடுத்த முறை கழற்ற நட்டை மட்டும் திருப்பினால் போதும். முன் பிறேக்குகள் இரண்டையும் எட்டு அங்குலமாக்கினேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடையில் பழைய 1098 காரின் வலது முன்கால் முழுதாகக் கிடைத்தது. அங்கே போகிறவர்கள் பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். "மைனர் சாமான்" என்று வெறும் வாயால் கேட்டால், மைனர் சாமான் என்று வெறும் வாயால் சொல்லித் தருவார்கள். அப்படி வாங்கிய கண்ணாடி றப்பர் ஒன்று இன்னும் கிணற்றடியில் கிடக்கிறது.

போல்ற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைக் கவனிக்காமல் நல்ல பாகத்தையும் கெடுத்தேன். இந்த வண்டியின் போல்ற் நட்டெல்லாம் அங்குலக் கணக்கு, பெரும்பாலும் யூஎன்எஃப் என்ற நுண்புரி. காபரேற்றரில் மட்டும் அதிலும் பழைய பிரிட்டிஷ் புரி வரும். நம் கடைகளில் கிடைப்பது மில்லிமீற்றர். 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீற்றர், கண்ணுக்கு எட்டு மில்லிமீற்றர் போல்ற்றும் அதுவும் ஒன்றுதான். ஆனால் 5/16இல் அங்குலத்துக்கு 24 புரி, மற்றதில் புரிக்குப் புரி 1.25 மில்லிமீற்றர். இரண்டு சுற்றுக் கையால் போகும், பிறகு இறுகும், "புதிதுதானே, இறுக்கம் இருக்கும்" என்று ஸ்பனரைப் போட்டால் துளையின் புரி முழுதும் வழித்துக்கொண்டு போகும். வலது சில்லுப் பக்கம் ஒரு துளையை இப்படிக் கெடுத்து, லேத்தில் கொடுத்துப் புதுப் புரி இட எண்ணாயிரம். ஸ்பனரும் அப்படியே. அரை அங்குலத் தலைக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனர் போகும், கொஞ்சம் ஆடும், துருப் பிடித்த தலையை உருட்டிவிடும். அங்குல ஸ்பனர் ஒரு தொகுதி முதலில் வாங்குங்கள். கையால் ஐந்து சுற்றாவது போகாத போல்ற்றை இறுக்கவே வேண்டாம்.

2022 மாசியில் கடைசிப் பெரிய பட்டியலை எழுதி வைத்தேன்: கதவு றப்பர்கள், பிறேக் குழாய்கள், கிங்பின் சாமான், 480 பவுண். அப்போது ஒரு பவுண் ஏறத்தாழ 270 ரூபா. மகளின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பங்குனியில் ரூபா விழத் தொடங்கி, வைகாசியில் ஒரு பவுண் 450 ரூபாவைத் தொட்டது. ஒரு இலட்சத்து முப்பதாயிரத்தில் முடியவேண்டியது இரண்டு இலட்சத்துப் பதினாறாயிரம். பாணுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நிற்கும்போது கதவு றப்பருக்கு அழுவது எனக்கே கூச்சமாக இருந்தது. மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, இந்த வானிலை பாண் வித்தாவது இந்தக் காசு திரும்பி வருமோ?" பட்டியலைப் பாதியாக வெட்டினேன். பிறேக்கும் கிங்பின்னும் மட்டும். எஞ்சினை முதன்முதல் இயக்கிப் பார்க்கவே பெற்றோல் இல்லை. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்த பிறகு என் மோட்டார் சைக்கிளின் பங்கை மிச்சம் பிடித்துப் போத்தலில் சேர்த்தேன். பழைய வழிக்குப் போகலாம் என்று பகிடியாகச் சொன்னபோது முதியவர் தலையாட்டினார்: மண்ணெண்ணெயும் இல்லையே. அந்த ஆவணியில் அதன் விலையும் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

மின்சார வேலையில் இன்னொரு அடி. அந்தக் காலத்து மைனர்களில் பற்றரியின் நேர் முனைதான் உடலில் பூட்டப்படும். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. நான் அழைத்த பையன் கெட்டிக்காரன், ஆனால் 1955ஐப் பார்த்ததில்லை. பற்றரியை வழமைபோலத் திருப்பிப் பூட்டி, பழைய டைனமோவையும் அப்படியே ஓடவிட்டான். ஒழுங்குபடுத்தும் பெட்டியில் இருந்து புகை. அதற்கு முதல் நாள் வாங்கிய ரேடியோவும் சேர்த்து. பையனைத் திட்ட மனம் வரவில்லை, நான் சொல்லியிருக்க வேண்டும். நேர் முனை மண் (அதாவது உடலுக்கு) என்று ஒரு மட்டையில் எழுதி இப்போது பொனற்றுக்குள் ஒட்டியிருக்கிறேன். புதுச் சாமான் எதையும் பூட்ட விருப்பமென்றால் முதலில் முழு வண்டியையும் எதிர் முனைக்கு மாற்றுங்கள். டைனமோவுக்கு மீண்டும் முனை பழக்கவும் வேண்டும். பாதி அப்படி, பாதி இப்படி வேண்டாம்.

தகர வேலையை இரண்டாம் தடவை சாவகச்சேரியில் ஒரு ரிங்கர் வேலைக்காரரிடம் கொடுத்தேன். தனி ஆள், ஒரு தென்னோலைக் கொட்டில். வானுக்கு, காரைப் போலல்லாமல், தனிச் சேசிஸ் உண்டு. உடலைத் தூக்கி இறக்கலாம். தூக்கும் முன் அவர் கதவு வாய்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டிங் பண்ணினார், இல்லாவிட்டால் துருப்பிடித்த உடல் வளைந்து கதவு பிறகு எந்தக் காலத்திலும் பூட்டாது. பக்கச் சுவர்களின் கீழ்ப்பாதியைக் கையாலேயே தட்டி எடுத்தார். எனக்கொரு விஷயம் சிரிப்பு. பிரிட்டனில் ஓடும் மைனர்களுக்கான தகரப் பாகங்கள் ஒருகாலத்தில் இலங்கையில் செய்யப்பட்டு அங்கே போயிருக்கின்றன. நானோ இங்கிலாந்துப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முன் கண்ணாடியும் அப்படித்தான். 1956க்கு முந்திய மைனருக்கு முன்னால் இரண்டு தட்டைக் கண்ணாடி, வளைவே இல்லை. யாழ்ப்பாணத்திலேயே லமினேற் கண்ணாடியில் வெட்டித் தந்தார்கள், இரண்டும் சேர்த்துப் பதினோராயிரம். மூன்று வருடத்தில் நினைத்ததைவிடக் குறைவாக முடிந்த ஒரே வேலை அதுதான். இங்கே செய்யக்கூடியதை முதலில் இங்கே கேளுங்கள்.

2023 வைகாசியில் வான் தெருவுக்கு வந்தது. கொப்பியைக் கூட்டினேன். வண்டியோடு சேர்த்துப் பதினேழு இலட்சத்து அறுபதாயிரம். அதில் முதல் கராச், பிழையான பாகங்கள், பவுணுக்காகக் காத்திருந்து இழந்தது என்று வீணானது மட்டும் நான்கு இலட்சத்துக்குக் கிட்ட. கைக்கூலிக் கணக்கை நான் எழுதவில்லை, என் முதுகு எழுதி வைத்திருக்கிறது. மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் பின் அச்சு அலறும். அதைப் பாரம் இழுக்கத்தானே செய்தார்கள். மிதித்தால் நேராக நிற்கிறது. மாதம் ஒருமுறை முன் கால்களுக்குக் கிறீஸ், முதல் ஞாயிறு, தவறுவதில்லை.

இடப்பக்கக் கதவை மாற்றவில்லை. தகரப் பட்டியை ரிங்கர்காரர் வெட்டப் போனபோது நான்தான் நிறுத்தச் சொன்னேன். முதியவரை ஏற்றிக்கொண்டு ஆனையிறவு வரை ஒருமுறை போய்வந்தேன். போகும் வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் எஞ்சினைக் காதால் கேட்டுக்கொண்டே வந்தார். திரும்பும்போது மட்டும் கதவுப் பட்டியைத் தடவிப் பார்த்து, "இது ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும்" என்றார். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிஸ்டன் நான்கும் இன்னும் பெட்டி பிரிக்காதது போலத்தான் இருக்கின்றன. 948 சிசி, வளையங்களோடு. யாரிடமாவது அந்த எஞ்சின் இருந்தால், வாங்கிய விலைக்குத் தருவேன். ஆனால் உருளையை அளந்துவிட்டு வாருங்கள்.